வீட்டு லோங்காங்லேர்ந்து பெரிய கால்வாய் வரைக்கும்: மழை வந்தா தெருவுல தண்ணி நிக்காம இருக்க என்ன செய்யலாம்

சிங்கப்பூர்ல நாம லோங்காங்னு சொல்றது வீட்டோரமும் ரோட்டோரமும் ஓடுற மழைநீர் வடிகாலைத்தான். அதைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். உங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடுற பெரிய கால்வாய் எவ்வளவு காஞ்சு கெடந்தாலும் நீங்களா இறங்கி சுத்தம் பண்ணக் கூடாது. அது தேசிய நீர் அமைப்பான பியுபி பாத்துக்கிற வேலை, அதுக்குன்னு ஆள் இருக்காங்க, மெஷின் இருக்கு, பெர்மிட் இருக்கு. ஆனா தெருவுல தண்ணி ஏறுறப்போ நிறைய நேரம் குத்தம் அந்தப் பெரிய கால்வாய் மேல இல்ல, அங்க போய்ச் சேர வேண்டிய தண்ணி வழியிலயே மாட்டிக்கிறதுதான் பிரச்சனை. கம்பி மூடி மேல ஒட்டிக்கிட்ட இலை, கேட்டுக்கு அடியில போற குழாய்ல மண்ணு, ரெனவேஷன் நடக்கிற வீட்டுலேர்ந்து கழுவி விட்ட சிமெண்டு, இதெல்லாம் நம்ம கைக்கு எட்டுற விஷயம், நாம பாக்கலன்னா வேற யாரும் பாக்கப் போறதும் இல்ல.

நேரம் பாத்து செய்யணும். வடகிழக்குப் பருவமழை டிசம்பர்லேர்ந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும், அதுலயும் டிசம்பர் ஜனவரிதான் கனமா ஊத்தும், அதுக்கு முன்னாடியே அக்டோபர் நவம்பர்ல மத்தியானம் ஆனா இடி மழை ஆரம்பிச்சிடும். அதனால தீபாவளிக்கு வீடு சுத்தம் பண்றோம்ல, அந்த லிஸ்ட்லயே லோங்காங்கையும் சேத்துக்குங்க, முடிஞ்சா கொஞ்சம் முன்னாடியே. அப்புறம் பிப்ரவரில மழை குறையும்போது இன்னொரு தடவை. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சுமத்ரா தீவுப் பக்கத்துலேர்ந்து இடி மழையோட வர்ற சுமத்ரா காத்து வேற இருக்கு, விடியக்காலைல அடிக்கும், காத்து முதல்ல மரத்தை உலுக்கி இலை மொத்தத்தையும் லோங்காங்ல தள்ளிடும், பின்னாடியே மழை வந்து அந்த இலையைக் கொண்டுபோய் கம்பியில அப்பிடும், அதனால அந்த மாசங்கள்ல பெரிய சுத்தம் தேவையில்ல, ஆனா வாரம் ஒரு தடவை கம்பியை மட்டும் ஒரு பார்வை பாத்துக்கிறது நல்லது.

அடைப்பு எங்கன்னு மொதல்ல கண்டுபிடிங்க

இதைத்தான் பெரும்பாலும் யாரும் செய்யறதில்ல. நேரா விளக்குமாத்தைத் தூக்கிட்டுப் போய் கண்ணுக்குத் தெரியிற குப்பையைக் கூட்டிட்டு வந்துடறாங்க, அடுத்த மழைக்கு மறுபடியும் கார் போர்ச்ல தண்ணி. அடைப்பு காட்டிக்கொடுக்கிறது மழை பெய்யிற நேரத்துலதான். வீட்டு வாசல்லயோ மாடி ஜன்னல்லயோ நின்னு பாருங்க, தண்ணிக்குள்ள கால் வைக்க வேண்டாம்.

லோங்காங்ல தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மேல்பக்கம் தண்ணி தளும்பி நிக்குது, அதைத் தாண்டினதும் கீழ்பக்கம் கணுக்கால் அளவுதான் ஓடுதுன்னா, அந்த ரெண்டுக்கும் நடுவுலதான் அடைப்பு, வேற எங்கயும் தேட வேண்டாம். தரைவீட்டுத் தெருவுல இது அனேகமா ஏதாவது ஒரு வீட்டு கேட்டுக்கு அடியில, கார் ஏறுற ஸ்லாப்புக்குக் கீழ இருக்கும், வெளிச்சம் படாத இடம், யாரும் குனிஞ்சு பாக்காத இடம்.

தெரு முழுக்க ஒரே மட்டத்துல தண்ணி நிக்குதுன்னா பக்கத்துல இருக்கிற பெரிய கால்வாய் எப்படி இருக்குன்னு பாருங்க. அதுக்காக மழைல நனைஞ்சுக்கிட்டு கால்வாய் ஓரம் போய் எட்டிப் பாக்காதீங்க, பியுபி கால்வாய்கள்ல நீர்மட்டம் அளக்கிற சென்சாரும் கேமராவும் வச்சிருக்கு, அதை பியுபி வெப்சைட்லயே பாக்கலாம். கால்வாய் பாதிதான் நிறைஞ்சிருக்கு ஆனா தெருவுல தண்ணி நிக்குதுன்னா நடுவுல அடைப்பு, இது நம்மளால தீரக்கூடியது. கால்வாயே விளிம்பு வரைக்கும் ஓடுதுன்னா உங்க லோங்காங்கை எவ்வளவு துடைச்சாலும் தண்ணி போக இடம் இல்ல, ஒண்ணு கால்வாயோட அளவு அந்த மழைக்குப் பத்தல, இல்ல கீழ்பக்கம் எங்கயோ மாட்டியிருக்கு, இல்ல கடல் ஏத்தத்துல இருக்கு. நம்ம ஊர் ரொம்பத் தாழ்வு, பலத்த மழையும் கடல் ஏத்தமும் ஒரே நேரத்துல வந்தா தண்ணி வடியாது, சைனாடவுன், போட் கீ, ஜாலான் புசார், கேலாங் மாதிரி தாழ்வான இடங்களுக்கு அந்தப் பிரச்சனையைச் சமாளிக்கத்தான் 2008ல மரினா அணைக்கட்டு வந்தது, கடல் இறக்கத்துல இருந்தா கதவைத் திறந்து விடுவாங்க, ஏத்தத்துல இருந்தா 7 பெரிய பம்பு வச்சு தண்ணியைக் கடலுக்கு இறைப்பாங்க.

இன்னொரு அடையாளம், திடீர் வெள்ளம்னா நம்ம ஊர்ல பொதுவா மழை விட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள வடிஞ்சிடும். மழை நின்னு ரொம்ப நேரம் ஆகியும் உங்க மூலையில மட்டும் தண்ணி நிக்குதுன்னா அடைப்புன்னு வச்சுக்கிட்டே தேடுங்க.

கொஞ்சம் மண்ணுதானேன்னு விடாதீங்க

லோங்காங் அடியில ஒரு சாண் மண்ணு கெடந்தா என்ன, மேல நிறைய இடம் இருக்கேன்னு தோணும். கணக்கு அப்படி இல்ல. அகலமான கால்வாய்ல ஆழத்துல மூணுல ஒரு பங்கு மண்ணு நிரம்பிட்டா ஓடக்கூடிய தண்ணி மூணுல ஒரு பங்கு குறையாது, கிட்டத்தட்ட பாதியா குறையும், ஏன்னா ஆழம் குறையும்போது இடமும் போகுது, கூடவே வேகமும் போகுது. ஒரு அடி அகலம் ஒண்ணரை அடி ஆழம் இருக்கிற வீட்டு லோங்காங்ல அரை அடி மண்ணு நின்னா பத்துக்கு நாலு பங்கு போச்சு. அந்த மண்ணு மேல புல்லு முளைச்சா இன்னும் மோசம், வழவழப்பான சிமெண்டு தரையில ஓடுற தண்ணி வேற, புல்லுக்குள்ள நுழைஞ்சு நுழைஞ்சு ஓடுற தண்ணி வேற. வேகம் குறைஞ்சா தண்ணில வர்ற மண்ணு அங்கயே படியும், படிஞ்சா வேகம் இன்னும் குறையும், அது தன்னால வளந்துக்கிட்டே போகும்.

இது சின்ன லோங்காங்குக்கு மட்டும் இல்ல. 2010 ஜூன் 16 ஆர்ச்சர்ட் ரோடு மூழ்கினது பலருக்கு ஞாபகம் இருக்கும், ரெண்டு மணி நேரத்துல கிட்டத்தட்ட 100 மி.மீ. மழை, ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் தாங்கல, கால்வாயோட ஒரு பகுதியில குப்பை அடைச்சிருந்ததும் ஒரு காரணம்னு அப்பவே பியுபி சொல்லிச்சு. அதுக்கப்புறம் 38,000 கன மீட்டர் தண்ணி பிடிக்கிற தொட்டியும் தனியா ஒரு மாற்றுக் கால்வாயும் கட்டினாங்க, ரெண்டும் 2018ல முடிஞ்சது.

வீட்டு லோங்காங்கை சுத்தம் பண்ற முறை

கீழ்பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. இதுதான் ரொம்ப முக்கியம். தண்ணி வெளிய போற வாய் எங்கயோ அங்க முதல்ல வழி பண்ணிட்டு அப்புறம் மேல மேல போகணும். மேலேர்ந்து ஆரம்பிச்சா கிளறி விட்ட மண்ணெல்லாம் கீழ போய் ஏற்கனவே அரைகுறையா அடைச்ச வாயை முழுசா அடைச்சிடும், நடுவுல மழை வந்தா நீங்க செஞ்ச வேலையே உங்க வீட்டுக்குள்ள தண்ணியைத் திருப்பி விடும்.

சாமான் பெருசா ஒண்ணும் வேணாம், குட்டையான சங்குல் (மண்வெட்டி) ஒண்ணு, வாளி ரெண்டு, கெட்டியான ரப்பர் கிளவுஸ், முழங்கால் வரைக்கும் பூட்ஸ், நீளமான கைப்பிடி வச்ச ரேக், தடியான குப்பைப் பை. கையில காலில வெட்டுக்காயம் இருந்தா அன்னிக்கு வேலை வேணாம், எலி மூத்திரம் கலந்த தண்ணி பட்டா லெப்டோஸ்பைரோசிஸ்ங்கிற எலிக் காய்ச்சல் வரலாம். மூடிக்கு அடியில கையை விடறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாருங்க, ரேக்கால ரெண்டு தட்டு தட்டுங்க. நம்ம ஊர் லோங்காங்ல மலைப்பாம்பு இருக்கிறது அதிசயமே இல்ல, பாத்தா ஒதுங்கி வந்து தேசிய பூங்காக் கழகத்துக்கு (என்பார்க்ஸ்) போன் பண்ணுங்க, அடிக்காதீங்க, அது எலி பிடிச்சுக்கிட்டுத் தன் பாட்டுல இருக்கு.

கம்பி மூடியைத் தூக்கி மேல ஒட்டினதை மட்டும் இல்லாம அடியில சிக்கினதையும் எடுங்க. தூங்குமூஞ்சி மரம் இருக்கிற தெருன்னா கூடுதல் கவனம் வேணும், அந்த இலை ரொம்பப் பொடிசு, கம்பி இடுக்குல புகுந்து உள்ள போய் சேத்தோட சேந்து பாய் மாதிரி படிஞ்சிடும், மேலேர்ந்து பாத்தா சுத்தமாத்தான் தெரியும். அடுத்து, லோங்காங் திரும்புற மூலை, குழாய் வந்து சேர்ற தொட்டி, இந்த ரெண்டு இடத்துலயும்தான் மண்ணு சேரும், நேரா போற இடத்துல கம்மி. நேரம் கம்மியா இருந்தா நேரான பகுதியை விட்டுடுங்க, மூலையையும் தொட்டியையும் வாயையும் மட்டும் பாருங்க, அதுவே போதும்.

எடுத்ததை மொத்தமா வெளிய கொண்டு வரணும். ஹோஸ் பைப்பை வச்சு அடிச்சு முன்னாடி தள்ளி விடறது சுத்தம் பண்றது இல்ல, உங்க அடைப்பை அடுத்த வீட்டு அங்கிள் வாசலுக்கு அனுப்பி வைக்கிறது, அவ்வளவுதான். லோங்காங் ஓரத்துலயே குவிச்சு வச்சிட்டு சாயங்காலம் எடுத்துக்கலாம்னு உள்ள போயிடாதீங்க, மழை சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காது. தண்ணி வடிய விட்டு பையில கட்டி குப்பைத் தொட்டில போடுங்க, கிளை மட்டை நிறைய இருந்தா உங்க ஏரியால குப்பை எடுக்கிற கம்பெனிகிட்ட தோட்டக் குப்பை எப்ப எடுப்பாங்கன்னு கேட்டுக்குங்க.

கடைசியா ரெண்டு வாளி தண்ணி மேல்பக்கம் ஊத்திப் பாருங்க. எங்கயாவது குட்டையா நின்னா அந்த இடம் தரை இறங்கியிருக்கு, சிமெண்டு வச்சு நிரவி விடணும், ஏன்னா ஏடிஸ் கொசு முட்டை போட 20 காசு நாணயம் அளவு தண்ணி இருந்தாலே போதும், ஒரு வாரத்துல கொசுவாயிடும். வெள்ளத்துக்கு பயந்து சுத்தம் பண்ணிட்டு டெங்கியைக் கூப்பிட்டு விடக் கூடாது.

இதெல்லாம் உங்க வீட்டு எல்லைக்குள்ள. ரோட்டோர லோங்காங் பொதுச் சொத்து, கம்பி மேல கெடக்கிற இலையை வாரிப் போடுங்க, அது நல்ல காரியம், ஆனா கனமான ஸ்லாப்பைத் தூக்குறது, உள்ள இறங்குறது வேணாம். அதை விட முக்கியம் ரோட்டோரத் தண்ணி உள்ள போற ஓட்டையை மறைக்காம இருக்கிறது, கார் ஏற வசதியா பலகை போடறது, பூந்தொட்டி வரிசையா வைக்கிறது, கரப்பான் வருதுன்னு கம்பி மேல கார்பெட் விரிக்கிறது, எல்லாத்தையும் பாக்கறோம், அதுவும் தெருவுல தண்ணி நிக்க ஒரு காரணம் ஆகுது. பொது வடிகாலை அனுமதி இல்லாம மூடக் கூடாதுன்னு சட்டமும் இருக்கு.

உள்ள போகக் கூடாதது

ரெனவேஷன் நடக்கிற வீடுதான் தெருவுக்கே ஆபத்து. மணலைக் குவிச்சு மூடாம வச்சிருப்பாங்க, ஒரு மழைல பாதி லோங்காங்ல இருக்கும், சிமெண்டு கலந்த வாளியை அங்கயே கழுவுவாங்க, அது அடியில போய் இறுகிக் கல்லாயிடும், அப்புறம் சங்குல் இல்ல, உளிதான். கட்டுமான இடத்துலேர்ந்து வடிகால்ல விடற தண்ணில மிதக்கிற மண்ணு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல இருக்கக் கூடாது, மீறினா 50,000 வெள்ளி வரைக்கும் அபராதம். பக்கத்து வீட்டு வேலைன்னா சண்டைக்குப் போக வேண்டாம், "ஆன்ட்டி, மழை வந்தா இந்த மணல் நம்ம ரெண்டு வீட்டு வாசல்லயும்தான் அடைக்கும், கான்டிராக்டர்கிட்ட கேன்வாஸ் போட்டு மூடச் சொல்லுங்களேன்"னு சொல்லிப் பாருங்க, கேப்பாங்க.

நம்ம வீட்டுப் பக்கமும் பாக்கணும். பூஜை முடிஞ்ச பூ, மாலை, வாழை இலை, பொங்கலுக்குக் கட்டின கரும்பு, தோரணம், தேங்காய் மூடி, இதெல்லாம் தண்ணில விட்டாத்தான் மரியாதைன்னு பெரியவங்க நினைப்பாங்க, அந்த மனசை நான் மதிக்கிறேன், ஆனா இங்க ஓடுறது ஆறு இல்ல, கம்பி மூடி வச்ச வடிகால், நார் உள்ள மாலை ஒண்ணு கம்பியில சுத்திக்கிட்டா அடுத்து வர்ற இலை மொத்தமும் அதுல மாட்டும். செடிக்கு அடியில போட்டு மண் மூடுங்க, இல்ல தனிப் பையில கட்டி வைங்க. எண்ணெய், சோப்புத் தண்ணியும் வேணாம். சிங்கப்பூர் நிலத்துல மூணுல ரெண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி, லோங்காங்ல போறது நீர்த்தேக்கத்துக்குப் போகும், அது நாம குடிக்கிற தண்ணி. கழிவுநீருக்கு இங்க தனிக் குழாய், அதனால மழைநீர் லோங்காங்ல கக்கூஸ் நாத்தம் வந்தா எங்கயோ கழிவுநீர் கசியுது, உடனே சொல்லிடுங்க.

வீவக அடுக்குமாடி வீட்டுல இருக்கிறவங்களுக்கு வேலை கம்மி, புளோக்கைச் சுத்தி ஓடுற வடிகால் நகர மன்றத்தோடது. காரிடார் ஓரத்துல தண்ணி போற ஓட்டை மேல செருப்பு ராக்கும் பூந்தொட்டியும் வைக்காம இருந்தாலே பெரிய உதவி.

செடி வளர்ற கால்வாய்னா கை வைக்காதீங்க

எல்லா நீரோடையிலயும் செடி இருந்தா அடைப்புன்னு அர்த்தம் இல்ல. பீஷான் - அங் மோ கியோ பூங்கால 2.7 கி.மீ. நீள நேர்கோட்டு சிமெண்டு கால்வாயை உடைச்சு 3.2 கி.மீ. வளைஞ்சு ஓடுற ஆறா மாத்தி 2012ல திறந்தாங்க, அங்க கரையில இருக்கிற செடி, கல்லு எல்லாம் மண்ணு சரியாம பிடிச்சு வைக்கத் திட்டம் போட்டு வச்சது, மழை பெருசா வந்தா தண்ணி புல்வெளிக்கு ஏறி பரவ இடம் விட்டிருக்காங்க. அந்த மாதிரி இடத்துல கரைப் புல்லை வேரோட பிடுங்கினா மண்ணு கரைஞ்சு கீழ்பக்கக் கால்வாய்ல போய்ப் படியும். குப்பையை மட்டும் பொறுக்குங்க. குழுவா சேந்து அந்த மாதிரி வேலை செய்ய ஆசை இருந்தா, 1998லேர்ந்து நம்ம நீர்வழிகள்ல குப்பை எடுத்துக்கிட்டு வர்ற வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டியோட சேந்து போங்க, பாதுகாப்பா செய்யச் சொல்லித் தருவாங்க.

பெரிய கால்வாய்ல ஏன் இறங்கக் கூடாதுன்னு கேட்டா, உங்க தலைக்கு மேல வெயில் அடிக்கும்போதே ரெண்டு கிலோமீட்டர் மேல மழை கொட்டிக்கிட்டு இருக்கலாம், சிமெண்டு கால்வாய்ல அந்தத் தண்ணி சில நிமிஷத்துல வந்துடும், வேகமா ஓடுற தண்ணி 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்ச்சிடும், பக்கச் சுவர் வழுக்கும், ஏற முடியாது. மூடின பகுதின்னா இன்னும் ஆபத்து, அழுகின சேத்தைக் கிளறினா ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு கிளம்பும், காத்துல ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழ போனா உள்ள இருக்கக் கூடாது. அந்த வேலை செய்யிறவங்கள்ல நம்ம ஊர்த் தம்பிங்களும் இருக்காங்க, காத்தை மீட்டர் வச்சுச் சோதிச்சு, பெர்மிட் வாங்கி, மேல ஒருத்தர் காவல் நின்னுதான் மூடின இடத்துக்குள்ள போகணும். நாம போட்ட பிளாஸ்டிக் பையையும் உடைஞ்ச பாட்டிலையும் எடுக்கத்தான் அவங்க அவ்வளவு ரிஸ்க் எடுக்கிறாங்க, கோபம் வருது எனக்கு, வீட்டுப் பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லிக் குடுங்க.

சரியா புகார் குடுக்கிறது

கால்வாய்ல மரம் விழுந்து கெடக்கு, மண்ணு மேடா இருக்கு, கம்பி மூடி உடைஞ்சிருக்குன்னா பியுபி 24 மணி நேர நம்பர் 1800-2255-782, இல்ல எல்லா அரசாங்க அமைப்புக்கும் பொதுவா புகார் போடற ஒன்சர்வீஸ் ஆப். எது பியுபி, எது நகர மன்றம், எது தேசிய சுற்றுப்புற வாரியம்னு (என்இஏ) நீங்க மண்டையை உடைச்சுக்க வேணாம், ஆப்ல போட்டா அதுவே சரியான இடத்துக்கு அனுப்பிடும்.

"எங்க தெருவுல லோங்காங் அடைச்சிருக்கு"ன்னு மொட்டையா போட்டா வர்றவங்க தெரு முழுக்கத் தேடணும். பக்கத்துல இருக்கிற லாம்ப்போஸ்ட் நம்பரைக் குடுங்க, ஒவ்வொரு கம்பத்துலயும் எழுதியிருக்கும், அதை விடத் துல்லியமான அடையாளம் இல்ல. ரெண்டு போட்டோ வேணும், ஒண்ணு மழை பெய்யும்போது தண்ணி நிக்கிறது, இன்னொண்ணு காஞ்ச பிறகு அதே இடத்துல நின்னு எடுத்தது, அப்பத்தான் மண்ணு எவ்வளவு உயரம்னு தெரியும். எந்தத் தேதி, எத்தனை மணிக்கு மழை, தண்ணி எது வரைக்கும் ஏறிச்சு, படி வரைக்குமா கார் டயர் பாதி வரைக்குமா, மழை விட்டு எவ்வளவு நேரத்துல வடிஞ்சது, மேல்பக்கம் தளும்பி கீழ்பக்கம் காலியா இருந்ததை நீங்க பாத்திருந்தா அதையும் எழுதுங்க, அந்த ஒரு வரி அவங்க தேடுற நேரத்தைப் பாதியாக்கும்.

கால்வாயே பத்தாத இடம்னா சுத்தம் பண்றது மட்டும் போதாது. பியுபியோட டெலிகிராம் வெள்ள எச்சரிக்கைல சேந்துக்குங்க, தாழ்வான வீடுன்னா வாசல்ல வைக்கிற வெள்ளத் தடுப்புப் பலகை பத்தி பியுபிகிட்ட கேளுங்க, பிளக் பாயிண்ட், வாஷிங் மெஷின், பிள்ளைங்க பாடப் புத்தகம் எல்லாத்தையும் உயரமா வைங்க, வயசான தாத்தா பாட்டி கீழ்த்தளத்துல படுக்கிறாங்கன்னா ராத்திரி மழைக்கு யார் எழுப்பறதுன்னு முன்னாடியே பேசி வைங்க.

புகார் குடுத்ததும் வர்ற ரெஃபரன்ஸ் நம்பரைத் தெரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு வைங்க. வந்து சுத்தம் பண்ணிட்டுப் போன பிறகு அடுத்த பெரிய மழைல அதே இடத்தைப் பாருங்க, தண்ணி வடியிற நேரம் குறையலன்னா புதுசா புகார் எழுதாம பழைய நம்பரைக் குறிப்பிட்டு புதுப் போட்டோவோட திரும்ப அனுப்புங்க, அடைப்பு இன்னும் கீழ இருக்குன்னு அவங்களுக்குப் புரியும்.